ரூஃப் போடாமல் இழுத்தடிக்கும் கான்ட்ராக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சொந்த மனையில் தனி வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வரை மளமளவென்று எழும்பிய வீடு ரூஃப் மட்டத்தில் வந்து நின்றுபோவது நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். எனக்கும் நடந்தது. அதன்பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை சிக்கியிருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு மூணு மாசம் ஓடிடுச்சு. இதில் எது நியாயமான தாமதம், எது இழுத்தடிப்பு?"

முதலில் கான்ட்ராக்டர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் போட்ட பிறகு சைட் வெறிச்சோடிக் கிடந்தால் அது தாமதம் இல்லை. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலைப்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறையின் தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 7 நாள் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் அகலம் என்றால் 14 நாள். பீமுக்கு அடியில் கொடுத்த முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இன்று கடையில் கிடைக்கும் சிமென்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. என்பதால் குறைந்தது 10 நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும். 14 நாள் கட்டினால் நல்லது. இந்த நாட்களில் ஆள் வரவில்லை என்று சண்டை போட்டால் நஷ்டம் உங்கள் தளத்துக்குத்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கான்கிரீட்டைத் தள்ளிப்போடுவதும் சரியே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ போனால் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பது கான்ட்ராக்டரின் வேலை என்றாலும், ஓரளவு பொறுத்துப் போகலாம்.

பொறுக்கக் கூடாதது எது என்றால், சுவர் ரூஃப் மட்டத்துக்கு வந்து சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக ஷீட், முட்டு) அடிக்க ஆள் வராமல் வாரக்கணக்கில் கிடப்பது. அதைவிட மோசம், சென்ட்ரிங்கும் அடித்துக் கம்பியும் கட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் மழையோ ஆள் பஞ்சமோ இல்லை. நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் இன்னொருவர் வீட்டு ரூஃப் ஆகியிருக்கும். உங்கள் ரூஃப் ஆவதற்கு மூன்றாவது ஒருவரின் அட்வான்ஸ் வர வேண்டும்.

"கம்பி கட்டி ஒன்றரை மாசமா மழையில் நனையுது. துரு பிடிச்ச கம்பி மேலேயே கான்கிரீட் போடலாமா?"

என் வீட்டில் கம்பி கட்டிய பிறகு 43 நாள் கிடந்தது. சென்ட்ரிங் ஷீட்டின் இடுக்கு வழியாகத் துருத் தண்ணீர் சொட்டி, கீழே நிரப்பியிருந்த மணலில் வரிசையாகச் செம்புள்ளி விழுந்திருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் கம்பிக்கு அடியில் வைத்த கவர் பிளாக் பாதி உடைந்திருக்கிறது, வேப்பஞ்சருகு ஓரங்களில் குவிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று பீம் பெட்டிக்குள் முட்டை வைத்திருக்கிறது. 44ஆம் நாள் காலை கலவை மெஷினோடு வந்து இறங்கினார் கான்ட்ராக்டர். "இன்னிக்கே போட்டுடலாம் சார், நல்ல நாள்" என்றார்.

மெல்லிய பழுப்புத் துரு இருந்தால் பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் செதிலாக உதிரும் துரு, மண், எண்ணெய், பெயின்ட் ஆகியவை இருக்கக் கூடாது; தரநிலையும் அதையே சொல்கிறது. நாங்கள் அன்று கான்கிரீட்டை நிறுத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவி, கவர் பிளாக்கை மாற்றி, சவுக்கு முட்டுகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றுக்கு ஆப்பு அடித்தோம். அரை நாள் வேலைதான். மழை பெய்த மண்ணில் முட்டு புதைந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மட்டம் பார்க்காமல் போட்டால் தளம் தொய்ந்துதான் வரும்.

இன்னொன்று. தேய்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், கிட்டத்தில் ஒன்று, முழுத்தளமும் தெரிய ஒன்று. பிறகு அதெல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

"எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவுன்னு வாயால பேசினதுதான். ஒண்ணும் செய்ய முடியாதா?"

முடியும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அதை நிரூபிப்பதில்தான் பாடு இருக்கிறது. கான்ட்ராக்டர் லெட்டர் பேடில் கிறுக்கிக் கொடுத்த எஸ்டிமேட், வங்கி வழியாகவோ ஜிபேயிலோ போன பணம், "ரூஃபுக்கு 2 லட்சம் போட்டுட்டேன்" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு அவர் போட்ட கைகூப்பும் எமோஜி, அவர் குரல் பதிவுகள் எல்லாமே உதவும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளை ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்யச் சொல்கிறது. அதை வக்கீல் தயார் செய்துகொடுப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த உரையாடலை அழிக்காமல், போனை மாற்றாமல் இருப்பதுதான்.

ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால் இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இதுவரை மொத்தம் 9,40,000 கொடுத்திருக்கிறேன். அதில் ரொக்கம் 3,00,000. கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்." சண்டை முற்றுவதற்கு முன் கேட்டால் "சரி சார்" என்று பதில் வரும், முற்றிய பிறகு வராது.

"ஒப்பந்தத்தில் தேதி போட்டிருக்கு. தேதி தாண்டிவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடுமா?"

ஆகாது. கட்டுமான ஒப்பந்தங்களில் தேதி போட்டிருந்தாலும், கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் தனியாக விதி இருந்தால், 'காலமே ஒப்பந்தத்தின் சாரம்' என்று சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை என 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் தேதிக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. ஒப்பந்தத்தை உதறிவிட்டுப் போக முடியாவிட்டாலும், தாமதத்தால் வந்த நஷ்டத்தைக் கேட்கலாம்.

"வாரத்துக்கு 5,000 அபராதம்" என்று எழுதியிருந்தால் அது அப்படியே கைக்கு வந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அந்தத் தொகையை உச்சவரம்பாகத்தான் வைத்துக்கொள்கிறது. அதற்குள் நியாயமான தொகை எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

"தாமதமா வந்தாலும் ரூஃப் போட்டுட்டார். இப்போ நஷ்டஈடு கேட்கலாமா?"

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின் கடைசிப் பகுதியை எளிய தமிழில் சொன்னால் இதுதான்: காலம் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், கெடு தாண்டி வந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்காகப் பின்னால் நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே "கேட்பேன்" என்று நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் முடியும்.

நாம் என்ன செய்கிறோம்? மூன்று மாதம் புலம்பிவிட்டு, கலவை மெஷின் வந்து நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். ரூஃப் போடும் நாள் வீட்டில் விசேஷம் மாதிரி. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்து, மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கிறோம். அதில் தப்பில்லை, பிரியாணியை வாங்கிக்கொடுங்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் ராத்திரியே இப்படி ஒரு செய்தி கான்ட்ராக்டருக்குப் போயிருக்க வேண்டும்:

"ஒப்பந்தப்படி ஜூன் 10க்குள் ரூஃப் முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் 4 அன்று போடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலை தொடரட்டும் என்பதற்காக இதை ஏற்கிறேன். இடைப்பட்ட நாட்களின் வீட்டு வாடகையையும் வங்கி வட்டியையும் உங்களிடம் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை."

நான்கே வரி. இதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு மெஷினைத் திருப்பி ஓட்டிச் சென்ற கான்ட்ராக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவருக்கும் ரூஃப் பில் பணம் வேண்டுமே. உங்கள் ஒப்பந்தம் 55ஆம் பிரிவின் எந்தப் பகுதிக்குள் வரும் என்று வக்கீல்கள் பிறகு வாதாடிக்கொள்ளட்டும், செய்தியை அனுப்பி வைத்திருப்பதால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

"வேலை நடக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாமா?"

செய்யாத வேலைக்குக் கொடுக்காதீர்கள், செய்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லிண்டல் வரை முடித்த வேலைக்குத் தர வேண்டிய ஒரு லட்சத்தைப் பிடித்துவைத்தால், "பணம் வரலை, அதான் வேலை நின்னுச்சு" என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பிறகு எந்த மன்றத்திலும் முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

ரூஃப் தவணையை இரண்டாகப் பிரித்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. கம்பி கட்டி முடித்து உங்கள் இன்ஜினியர் பார்த்த பிறகு ஒரு பகுதி, கான்கிரீட் போட்ட மறுநாள் மீதி. கான்கிரீட்டுக்குக் காசு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால், சிமென்ட் கடைக்கோ ரெடிமிக்ஸ் கம்பெனிக்கோ நீங்களே நேரடியாகக் கட்டி அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

"நடுவில் கம்பி விலை ஏறிடுச்சுன்னு ரேட்டைக் கூட்டிக் கேட்கிறார்."

ஒப்பந்தத்தில் விலை உயர்வு பற்றி எதுவும் இல்லையென்றால் கொடுக்கக் கடமையில்லை. அவர் தாமதத்தால்தான் விலை ஏறிய காலத்துக்குள் வேலை வந்து விழுந்தது என்றால் கேட்பதே நியாயமில்லை. ஆனாலும் வேலை நடக்கட்டும் என்று கொஞ்சம் கொடுக்க நினைத்தால் அதைப் பேரமாக்கிக்கொள்ளுங்கள். கூடுதல் தொகை, புதுத் தேதி இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

"இவரை விட்டுட்டு வேற மேஸ்திரியை வச்சு முடிச்சுக்கலாமா?"

முடிக்கலாம், ஆனால் அவசரப்பட்டு வேண்டாம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 2018இல் செய்த திருத்தம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. அதன் 20ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியவருக்கு 30 நாளுக்குக் குறையாமல் கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் அவர் வேலையைச் செய்யாவிட்டால், வேறொருவரை வைத்து முடித்து, அதற்கு ஆன செலவை முதல் ஆளிடம் வாங்கலாம். நோட்டீஸ் இல்லாமல் வேறு ஆளை இறக்கிவிட்டால் இந்த வழியில் செலவைக் கேட்க முடியாது. வேறொருவரை வைத்து முடித்த பிறகு, முதல் ஆளே வந்து செய்ய வேண்டும் என்றும் கேட்க முடியாது.

நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. ஒப்புகை அட்டையோடு அஞ்சலில் அனுப்பி, அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

புது ஆள் சைட்டில் கால் வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் தகராறில் சம்பந்தப்படாத ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து அதுவரை நடந்த வேலையை அளந்து எழுதி வாங்குங்கள். எத்தனை கன அடி செங்கல் கட்டு, எத்தனை கிலோ கம்பி, மிச்சம் எத்தனை மூட்டை சிமென்ட் என்று இருக்க வேண்டும். அளக்க வரும்படி பழைய கான்ட்ராக்டருக்கும் தேதி சொல்லி எழுதுங்கள். அவர் வரமாட்டார், அழைத்ததற்கு ஆதாரம் இருந்தால் போதும்.

சைட்டில் கிடக்கும் சென்ட்ரிங் ஷீட்டையும் ஜாக்கியையும் "பணம் தந்தாத்தான் தருவேன்" என்று பூட்டி வைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். அவை பெரும்பாலும் அவருடையவை அல்ல, நாள் வாடகைக்கு எடுத்தவை. வாடகைக் கடைக்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"போலீஸில் ஏமாத்திட்டார்னு புகார் கொடுத்தா பயந்து வேலையைச் செய்வாரா?"

சில நேரம் செய்வார். ஆனால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. பாதி வேலையைச் செய்துவிட்டு நிறுத்தியவர் மீது அதைக் காட்டுவது கஷ்டம். "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதிலே வரும். ஒரே செங்கல்கூட இறக்காமல் அட்வான்ஸோடு போனை அணைத்துவிட்டவர் என்றால் நிச்சயம் புகார் கொடுங்கள்.

"நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? எவ்வளவு செலவாகும்?"

போகலாம். வீடு கட்டித் தருவது 'சேவை' என்று 1993இலேயே நுகர்வோர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. கான்ட்ராக்டருக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். வேலைக்காக வேறு மாவட்டத்துக்கு மாறிப்போயிருந்தால் அங்கேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் தனி மேஸ்திரிகள் விஷயத்தில் அது பெரிதாகப் பலித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். "இதோ வந்துடறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சிவில் வழக்கு என்றால் மூன்று ஆண்டு.

என்ன கேட்பது? கூடுதலாகக் கொடுத்த பணம், வேறு ஆளை வைத்ததில் ஆன கூடுதல் செலவு, தாமத மாதங்களின் வாடகை, வீட்டுக் கடனுக்கு அந்த மாதங்களில் கட்டிய வட்டி, மன உளைச்சல், வழக்குச் செலவு. வாடகைக்கு ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும், வட்டிக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டும் வையுங்கள். மன உளைச்சலுக்கு 25 லட்சம் என்று போட்டால் மற்ற கணக்குகளையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடப்பில் இதைவிட நிறையவே ஆகும். ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் நடுவர் மன்றம்தான்' என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவு வந்தும் அவர் பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கு 72ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

"மெட்டீரியல் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் லேபர் மட்டும்தான்."

மொத்தமாகவோ சதுர அடிக்கோ பேசிய லேபர் கான்ட்ராக்ட் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். நாள் கூலிக்கு, நீங்கள் சொன்னபடி வேலை செய்த கொத்தனார் என்றால் நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம், அங்கே கான்ட்ராக்டர் நீங்கள்தான். லேபர் கான்ட்ராக்டில் இன்னொரு விஷயமும் பாருங்கள். எம்-சாண்ட் வந்த தேதி, கம்பி இறங்கிய தேதி, அவர் ஆள் அனுப்பிய தேதி என்று பில்களை வரிசையாக அடுக்கினால் தாமதத்தில் உங்கள் பங்கும் தெரியும். பாதி ரூஃபில் படிக்கட்டு ஹெட்ரூமின் இடத்தை மாற்றியிருந்தால் அந்த இரண்டு வாரம் உங்கள் கணக்குதான்.

"ரூஃப் போட்டாச்சு. மேலே தட்டோடு பதிக்காம விட்டுட்டார், 'அது ஒப்பந்தத்தில் இல்லை'ங்கிறார்."

எஸ்டிமேட்டை எடுத்துப் படியுங்கள். 'ரூஃப் கான்கிரீட்' என்று மட்டும் இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். சுருக்கி என்ற செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையைப் போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலையைப் பலர் தனி ரேட்டாகத்தான் பேசுகிறார்கள். 'வெதரிங் கோர்ஸ்' என்ற சொல் எங்காவது இருந்தால் அது இந்த வேலையேதான், விடாதீர்கள். எதுவாயினும் புரட்டாசிக்குள் முடித்துவிடப் பாருங்கள். அந்தக் கலவை இறுகிக் காய நாள் பிடிக்கும், மழை தொடங்கிவிட்டால் தை மாதம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"ரெரா அமைப்பில் புகார் கொடுக்கலாமா?"

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ விற்பனைக்குக் கட்டும் திட்டங்களுக்குத்தான் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டுகிறவர் அதற்குள் வரமாட்டார்.

"கான்ட்ராக்டர் எங்க மாமா பையன். நோட்டீஸ் அனுப்பினா சொந்தம் விட்டுப்போயிடாதா?"

எனக்கு வேலை செய்தவரும் தூரத்துச் சொந்தம்தான், மனைவி வழியில். நோட்டீஸ் என்று தலைப்புப் போடாமல், "அன்புள்ள மச்சானுக்கு" என்று தொடங்கி, தேதிகளையும் தொகைகளையும் மட்டும் எழுதி, 30 நாள் கெடு வைத்து, கையால் எழுதிய கடிதமாக அஞ்சலில் அனுப்பினேன். நோட்டீஸ் என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும், தேவையான எல்லாம் அதற்குள் இருந்தது. ஒன்பதாம் நாள் சென்ட்ரிங் ஆட்களோடு வந்துவிட்டார், ஆனால் கம்பி கட்டிய பிறகு மறுபடியும் காணாமல் போனார். அந்த 43 நாள் கதை அப்புறம் நடந்ததுதான். இரண்டாவது கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினேன், அதில் 'மச்சான்' இல்லை. புதுமனை புகுவிழாவுக்கு வந்தார், மொய் எழுதினார், சாப்பிடாமல் போய்விட்டார். வாடகைக் கணக்கில் பாதியைக் கடைசி பில்லில் கழித்துக்கொண்டேன், அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.